அசையாத பாத்ரூம் ஜாலியைக் கழற்றுவது: பழைய வீட்டுக்காரர்களுக்கு

குளித்து முடித்த பிறகும் பாதம் மூழ்கத் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் வடியும் வாயை மூடியிருக்கும் துளைத் தகடான ஜாலியைத் தூக்கி அடியில் சிக்கியிருக்கும் முடியையும் சோப்புச் சக்கையையும் வழித்துப் போட்டால் பத்து நிமிட வேலைதான். ஆனால் ஜாலி அசைவதாக இல்லை. ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினால் டைல்ஸின் மூலை சில்லாகத் தெறிக்கிறது, ஜாலி மட்டும் அப்படியே கிடக்கிறது. வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துப் பழைய வீடுகளில் இது அடிக்கடி பார்க்கிற சங்கதி. வீட்டில் பொறுமையான ஆள் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் பிளம்பரே தேவைப்படாது.

கையில் ஆயுதம் எடுக்கும் முன் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஜாலி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், சில நூறு ரூபாயோடு போய்விடும். அதைச் சுற்றியிருக்கும் டைல்ஸ் எப்போதோ வாங்கிய டிசைன், ஒன்று உடைந்தால் ஜோடி கிடைக்காது. அடியில் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாடையைத் தடுக்கும் டிராப் உடைந்தால் தரையையே கொத்தவேண்டி வரும். மாடி பாத்ரூம் என்றால் கீழே சீலிங்கில் ஈரம் இறங்கும். இந்த மூன்றில் பலி கொடுக்கக்கூடியது ஜாலி ஒன்றுதான். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில், ஏன் பிடித்துக்கொள்கிறது?

இங்கே குளிக்கிற தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில்கூட அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, குளியலுக்கும் துணிக்கும் போரைத்தான் திறப்பார்கள். பாலாற்றங்கரையில் பல இடங்களில் அந்தத் தண்ணீர் கடினமானது. கீசர் காயிலிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் பூக்கிற உப்பு, ஜாலிக்கும் அது உட்காரும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளியிலும் பூக்கும். குளித்த பிறகு மற்ற இடமெல்லாம் காய்ந்துவிடும், அந்த இடுக்கில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அது காயும்போது சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகும். மறுநாள் இன்னொரு படலம். வருடக்கணக்கில் தூக்காமல் விட்டால் இடுக்கு முழுவதும் கல்லாகிவிடும். கடினத் தண்ணீரில் சோப்பும் சரியாக நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான சாம்பல் நிறப் பசையாகி, அந்தக் கல்லுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். ஆக, பூட்டு ஒன்று இல்லை, இரண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வார்ப்பிரும்பு ஜாலியாக இருந்தால் மூன்றாவதாகத் துருவும் சேரும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். மூடியும் ஃப்ரேமும் எதிரெதிரே வீங்கி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். பழைய இரும்பு ஜாலியைச் சுற்றி டைல்ஸில் விரிசல் கண்டால் அதற்கும் பலநேரம் காரணம் இந்த வீக்கம்தான்.

நான்காவது காரணம் மனிதர்கள் செய்தது. பழைய சிமெண்ட் தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டும்போது ஜாலியின் விளிம்பை வெள்ளைச் சிமெண்டால் மூடிவிடுவார்கள். சில வீடுகளில் ஃப்ரேமே கிடையாது. வெறும் தகட்டு ஜாலியைக் குழாய் வாய்மேல் வைத்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசியிருப்பார்கள். அது கழற்றுவதற்காக வைத்ததே இல்லை என்பதால் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு நாள் ஊறவைத்துக்கொண்டிருப்பது வீண்.

அதனால் பரிசோதனை முக்கியம். பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புப் பொடியும் வைத்து ஜாலியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் ஒற்றிக் காயவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேர்மேலே இருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாதது, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். ஜாலியின் வெளி விளிம்புக்குள்ளே இன்னொரு வட்டக் கோடு தெரிந்தால் அது ஃப்ரேமுக்குள் உட்காரும் மூடி. கோடு ஒன்றே ஒன்று, அதுவும் டைல்ஸைத் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒற்றைத் தகடு, சிமெண்டில் பதித்தது. துளைகளுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு குழி தெரிந்து, அவற்றில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தால் அவை ஸ்க்ரூ தலைகள். ஊசியால் சுரண்டினால் வெட்டு தெரியும்.

அடுத்து காந்தம். ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிற சின்னக் காந்தம் போதும். இறுக்கமாகக் கவ்வினால் பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது இரும்புத் தகடு. ஒட்டவில்லை என்றால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), பித்தளை, அலுமினியம் மூன்றில் ஒன்று. பித்தளையை நிறமே சொல்லிவிடும், குரோம் பூச்சு இருந்தால் தேய்ந்த விளிம்பில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். அலுமினியம் ஊசிக்கே கீறல் விழுகிற அளவு மெதுவானது, மேலே வெள்ளை மாவு படிந்திருக்கும். எஸ்.எஸ். அவ்வளவு சுலபமாகக் கீறாது.

கடைசியாக ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் ஜாலியை நான்கு பக்கமும் லேசாகத் தட்டிக் கேளுங்கள். கிண்ணென்று அதிர்ந்தால் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது. டொக்கென்று செத்த சத்தம் வந்தால் அங்கேதான் பிடித்திருக்கிறது. அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்து வையுங்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் நெம்புகிறவர்கள்தான் டைல்ஸை உடைக்கிறார்கள்.

தேவையான சாமான்கள்: இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்று, அரை இஞ்சு உளி, அரைக் கிலோ சுத்தியல், மரக்கட்டைத் துண்டு இரண்டு, மூக்குப் பிளேயர், கட்டிங் பிளேயர், சரியான அளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவர், மூன்று மில்லிமீட்டர் ஜி.ஐ. கம்பி ஒரு அடி, டபிள்யூடி-40 சின்ன டப்பா, வெள்ளை வினிகர் ஒரு பாட்டில், வாஷிங் சோடா கால் கிலோ, ரப்பர் கையுறை. தகட்டை அறுக்கவேண்டி வந்தால் கண்ணுக்குக் கண்ணாடி. கையுறையைக் கட்டாயம் போடுங்கள். தெருக் கால்வாய்க்கு நேராகப் போகிற பழைய குழாயில் கரப்பான் மட்டும் இருக்காது, பூரானும் இருக்கும். மலையடிவாரத்து வீடுகளில் தேளும் ஏறி வரும்.

தொடங்கும் முன் வீட்டிலுள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: "இந்த வாரத்துல இதுல என்ன ஊத்தினீங்க?" பாத்ரூம் கழுவுகிற ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் பல வீட்டில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக இருக்கிற பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. டாய்லெட் கிளீனர் திரவங்களிலும் பெரும்பாலும் அமிலம்தான், அவற்றையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக்கூடாது. வினிகரும் அமிலம்தான் என்பதை மறக்கவேண்டாம். யாராவது அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடா போட்டிருந்தால் நிற்கிற தண்ணீரே தோலைத் தின்னும். பழைய மக்கால் மொண்டு வெளியே எடுத்து, இரண்டு மூன்று வாளி நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகே கை வைக்கவேண்டும். கண்ணைக் கரிக்கிற வாடை வந்தால் மேலே எதையும் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி ஊறவைப்பது. முதலில் சோப்புப் பசையைக் கரைக்கவேண்டும், ஏனென்றால் அது சுண்ணாம்புக்கு மேலே மூடியிருக்கும் வரை வினிகர் உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு வாளி தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சூடு கை பொறுக்கிற அளவு இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. பி.வி.சி. குழாய் அறுபது டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். டிராப் வளைந்துகொண்டால் அதன் இணைப்பு விட்டுப்போகும்.

சோடாவைக் கழுவிய பிறகுதான் வினிகர். ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கிவருவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கிற நுரை அது. அடங்கிய பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். சுண்ணாம்பைக் கரைக்க வினிகருக்குத் தனியாக நேரம் கொடுக்கவேண்டும். பருத்தித் துணியைக் கயிறுபோல் முறுக்கி வினிகரில் நனைத்து, விளிம்புக் கோட்டின் மேலேயே வட்டமாகச் சுற்றி வையுங்கள். காயாமல் இருக்க மேலே பாலிதீன் கவர், அது பறக்காமல் இருக்க ஒரு கனமான பாத்திரம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் துணியின் அடிப்பக்கம் பால்போல் வெளுத்திருக்கும், விளிம்பில் சிறு குமிழ்கள் தெரியும். குமிழ் வந்தால் சுண்ணாம்பு கரைகிறது என்று அர்த்தம். புதிய வினிகர் விட்டு இன்னொரு முறை வையுங்கள். வினிகருக்குப் பதில் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கிற சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு நூறு கிராம் வெந்நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். நெடி இல்லாதது, வேகமும் அதிகம்.

எந்தத் தரை என்று பார்க்காமல் அமிலத்தைக் கையில் எடுக்காதீர்கள். செராமிக் டைல்ஸ் தாங்கும். மொசைக் தரையில் பதித்திருப்பது பெரும்பாலும் பளிங்குச் சில்லுகள், அவையும் சுண்ணாம்புதான். வினிகர் பட்ட இடம் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். பழைய வீட்டுக் குளியலறையிலும் துணி துவைக்கிற மேடையிலும் போட்டிருக்கும் கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. கறுப்புக் கல்லில் வெளுத்த திட்டு விழுந்தால் தேய்த்துப் போக்க முடியாது. சிவப்பு ஆக்ஸைடு தரையும் அமிலத்தில் நிறம் இழக்கும். இந்தத் தரைகளில் வாஷிங் சோடா, வெந்நீர், எண்ணெய், ஆக்ஸா பிளேடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினிய ஜாலிக்கு சோடா, வினிகர் இரண்டுமே ஆகாது. பித்தளையில் வினிகரை ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால் மேற்பரப்பு செம்புச் சிவப்பாக மாறும். பாத்ரூம் ஆசிட் எந்த ஜாலிக்கும் வேண்டாம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும் என்பது உண்மைதான். கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் கரைக்கும், எஸ்.எஸ்.ஸில் கரும்புள்ளி விழவைக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் பிறகு கீழ்த்தளத்துக்குத் தண்ணீர் இறங்கும்.

ஊறிய பிறகு ஆக்ஸா பிளேடு. பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு முனையில் துணியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் கைப்பிடி ஆயிற்று. மூடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் அதைச் செங்குத்தாக இறக்கி, அறுப்பதுபோல் இல்லாமல் உழுவதுபோல் இழுத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். வெள்ளை மாவு வெளியே வரும். டொக்கென்று சத்தம் கேட்டுக் குறித்து வைத்த இடங்களில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். பிளேடு தடையில்லாமல் சுற்றி வந்துவிட்டால் பாதி வெற்றி. டைல்ஸுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவிலுள்ள வெளிக்கோட்டைத் தோண்டவேண்டாம். அங்கே இடுக்கை அடைத்திருக்கிற கிரவுட் பூச்சுதான் தண்ணீர் இறங்காமல் காப்பது.

ஸ்க்ரூ உள்ள ஜாலி என்றால் தலையிலிருக்கும் வெட்டை ஊசியாலும் பிளேடு முனையாலும் சுத்தமாகத் தோண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனை வெட்டின் முழு நீளத்துக்கும் உட்காரவேண்டும், சின்ன முனையை வைத்துத் திருகினால் வெட்டு வழித்துக்கொண்டு போய்விடும். டபிள்யூடி-40 அடித்து அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி அடித்து, ஸ்க்ரூ டிரைவரை வெட்டில் நிறுத்தி அதன் தலையில் சுத்தியலால் நான்கைந்து முறை சிறு தட்டாகத் தட்டுங்கள். துருவின் பிடி விடுவதற்கு எண்ணெயைவிட இந்த அதிர்ச்சியே அதிகம் உதவும். பிறகு கழற்றுகிற திசையில் அல்ல, முதலில் இறுக்குகிற திசையில் ஒரு இழை திருகுங்கள். அசைந்தால் மரை விட்டது என்று தெரியும், அதன்பின் இடப்பக்கம் திருப்பலாம். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. மரைக்குள் இறங்குகிற அளவுக்கு அது இளக்கமானது இல்லை.

வெட்டு தேய்ந்துவிட்டால் அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். வரவில்லையென்றால் ஆக்ஸா பிளேடால் புதிய வெட்டு போடலாம். அதுவும் முடியவில்லையென்றால் தலையைத் துளையிட்டு எடுத்துவிடுவதே நல்லது. தண்டைவிடச் சற்றுப் பெரிய ட்ரில் பிட்டால் தலையின் நடுவில் மெதுவாக இறக்கினால் தலை மட்டும் கழன்று பிட்டோடு வந்துவிடும். ஜாலியைத் தூக்கிய பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் சுலபமாக வரும், ஏனென்றால் தலையில் இருந்த இறுக்கம் போயிருக்கும்.

வட்டமான எஸ்.எஸ். கரப்பான் ஜாலிகளில் பல, தூக்குகிற வகை அல்ல, திருப்புகிற வகை. உள்மூடியைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் லாக் விடும். இது தெரியாமல் நேர்மேலே நெம்பி லாக்கை வளைத்துவிட்டால் அதன்பிறகு திருப்பவும் வராது, தூக்கவும் வராது. மூக்குப் பிளேயரை விரித்து அதன் இரண்டு முனைகளையும் எதிரெதிர்த் துளைகளில் விட்டு, பிளேயரின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்காகக் கொடுத்துத் திருப்புங்கள். இடமும் வலமுமாக ஒரு நூல், இரண்டு நூல் என்று அசைத்துக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு நொறுங்கி வழிவிடும்.

தூக்குகிற வகைக்கு இரண்டு கொக்கிகள் வேண்டும். ஜி.ஐ. கம்பியை அரை அடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை ஒரு சென்டிமீட்டருக்கு ஆங்கில L வடிவில் மடக்குங்கள். எதிரெதிர்த் துளைகளில் மடக்கிய முனையை விட்டுத் திருப்பினால் தகட்டின் அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். மேல்முனையில் ஒரு மரக்கைப்பிடி கட்டுங்கள். இழுப்பதற்கு முன், மரக்கட்டையை ஜாலி மேல் வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள், ஓங்கி அடிக்காமல், கட்டை மட்டும் அதிரும்படி. வார்ப்பிரும்பை நேரடியாகச் சுத்தியலால் அடிக்கக்கூடாது. அது வளையாது, கண்ணாடிபோல் உடையும், உடைந்த துண்டு டிராப்புக்குள் விழும். தட்டிவிட்டு இரண்டு கொக்கியையும் ஒருசேர மேலே இழுங்கள். ஒருபக்கம் மட்டும் தூக்கினால் மறுபக்கம் ஃப்ரேமில் சாய்ந்து முட்டிக்கொள்ளும். நெம்புகோல் வைத்தே ஆகவேண்டுமென்றால் டைல்ஸ்மேல் மரக்கட்டையைப் போட்டு, அந்தக் கட்டையை முட்டுக் கொடுத்து நெம்புங்கள். இரும்பு டைல்ஸைத் தொடவே கூடாது.

இத்தனைக்கும் வரவில்லை, அல்லது சிமெண்டில் பதித்த ஒற்றைத் தகடு என்று தெரிந்துவிட்டது. அப்போது ஜாலியை அறுத்துவிடலாம், இனி அதற்காக நேரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை. கட்டிங் மெஷினை எடுத்துச் சுற்றி வெட்டிவிடலாம் என்று தோன்றும். நாலு இஞ்சு வட்ட பிளேடால் சின்ன வட்டத்தைச் சுற்றி வெட்ட முடியாது, ஒவ்வொரு வெட்டும் கோட்டைத் தாண்டி டைல்ஸுக்குள் ஓடும். ஈரத் தரையில் கரண்ட் மெஷின் ஆபத்தும்கூட. ட்ரில் பயன்படுத்துவதாக இருந்தாலும் தரையை நன்றாகக் காயவைத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உள்ள லைனில் மட்டும் செருகுங்கள்.

கையால் அறுப்பதுதான் பாதுகாப்பு. நடுவில் இருக்கும் துளைக்குள் ஆக்ஸா பிளேடை விட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நான்கு பக்கமும் கூட்டல் குறிபோல் அறுங்கள். மெல்லிய தகட்டுக்கு இஞ்சுக்கு 24 பல் உள்ள பிளேடு சரியாக இருக்கும், பெரிய பல் தகட்டில் மாட்டிக்கொண்டு உடையும். பல்லின் முனை மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, மேலே இழுக்கும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். பிளேடு கீழே டிராப்பில் போய் இடிக்காது. துளை சின்னதாக இருந்தால் நான்கு மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால் வரிசையாக ஓட்டை போட்டு அவற்றை இணைக்கலாம். எஸ்.எஸ்.ஸில் வேகமாக ஓட்டினால் தகடு சூடேறி இன்னும் கெட்டியாகிவிடும், பிட் மழுங்கும். குறைந்த வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய் போதும். நான்கு துண்டையும் பிளேயரால் பிடித்து நடுவை நோக்கி உள்பக்கமாக மடக்குங்கள். தகடு சுருங்கும்போது விளிம்பு சிமெண்டிலிருந்து தானாக விலகும். மிச்சம் ஒட்டியிருக்கும் வளையத்தை உளியால் எடுக்கும்போதும் உளியின் முகம் எப்போதும் குழாய் வாயை நோக்கியே இருக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்பாகக் குழாய் வாயில் பழைய துணியை உருட்டிச் செருகி, அதன் நுனியை வெளியே விட்டுவைக்க மறக்காதீர்கள். சிமெண்ட் சில்லு டிராப்புக்குள் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

ஜாலி வெளியே வந்துவிட்டது. வேலை இத்தோடு முடிந்தது என்று முடியை எடுத்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

டார்ச் அடித்தால் தண்ணீர் தெரிகிறதா? தெரிந்தால் டிராப் இருக்கிறது. கடையில் நானி டிராப் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இப்போதைய பி.வி.சி. டிராப்பில் வழக்கமான அளவு மேல்வாய் 110 மில்லிமீட்டர், வெளியேறும் வாய் 75 மில்லிமீட்டர். உள்ளே நிற்கும் தண்ணீர் ஐம்பது மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும். சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். நீர்மட்டம் இருக்கும் இடத்தில் டிராப்பின் உள்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பாருங்கள். கோட்டை விட்டுக் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியிருந்தால் டிராப்பில் விரிசல். அதை ஜாலியோடு விட்டுவிடக்கூடாது, அந்தத் தண்ணீர் தரைக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது.

வார்ப்பிரும்பு டிராப் உள்ள வீடுகளில் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். எடுத்த மூடியின் அடிப்பக்கத்தில் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு பாகம் சேர்ந்தே இருந்தால் அதுதான் தண்ணீர்ப் பூட்டு. கிண்ணத்தின் விளிம்பு தண்ணீருக்குள் மூழ்கி நிற்பதால்தான் வாடை அடைபடுகிறது. துருப்பிடித்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எஸ்.எஸ். தட்டை ஜாலியை வைத்தால், அன்று ராத்திரியிலிருந்தே பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடிக்கும். காரணம் தெரியாமல் பினாயில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். பழைய மூடியைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி உள்கிண்ணத்தோடு வருகிறதா என்று கேளுங்கள்.

தண்ணீரே தெரியவில்லை, குழாய் நேராக இறங்குகிறது என்றால் டிராப்பே இல்லை. வேலூரை உள்ளடக்கிய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிவதற்கு முன் கட்டிய வீடுகளில் இது ஆச்சரியமான விஷயம் இல்லை. குளித்த தண்ணீர் சுவரில் ஒரு ஓட்டை வழியாகத் தோட்டத்துக்கோ தெருக் கால்வாய்க்கோ போனது. திறந்த கால்வாயில் வாயு சேர்ந்து நிற்காது என்பதால் பெரிய தொந்தரவு இல்லை. அதே குழாயைப் பாதாள சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இணைத்தால் கதை வேறு. மூடிய குழாயில் சேர்கிற வாயு பாத்ரூம் வழியாகத்தான் வெளியே வரும். தரையைக் கொத்தாமல் இருக்க வேண்டுமென்றால், குழாய் வெளியே வருகிற இடத்தில், சாக்கடைத் தொட்டியான சேம்பருக்கு முன்னால் ஒரு டிராப் வைத்துக்கொள்ளலாம்.

புது ஜாலி வாங்கப் போகும்போது மூன்று அளவு எடுத்துப் போங்கள்: குழியின் உள் அகலம், டைல்ஸ் மேல்மட்டத்திலிருந்து டிராப் வாய் வரை ஆழம், சுற்றியுள்ள டைல்ஸ் வெட்டின் அளவு. நாலு, அஞ்சு, ஆறு இஞ்சில் கிடைக்கும். ஃப்ரேம் தனி, மூடி தனியாக இருப்பதையே வாங்குங்கள், எஸ்.எஸ். 304 என்று கேட்டு வாங்குங்கள். பதிக்கும்போது ஃப்ரேமின் மேல்விளிம்பு டைல்ஸைவிட இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கவேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் சுற்றிலும் தண்ணீர் தேங்கி, அடியில் இறங்க ஆரம்பிக்கும். சுற்றுத் தரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது குழாயை நோக்கிச் சரியவேண்டும்.

வேலைக்கு ஆள் வைத்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "மேஸ்திரி, ஃப்ரேம சுத்தி மட்டும் சிமெண்ட் வையுங்க, மூடி தனியா கழலணும்." சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் மூடியையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போவார்கள். மூடியின் விளிம்பிலும் லாக்கிலும் மெல்லிசாக வாசலின் தடவி உட்காரவையுங்கள். சிமெண்ட் வைத்த நாலைந்து மணி நேரத்தில் மூடியை ஒருமுறை திருப்பிப் பார்த்து மறுபடி வையுங்கள். எங்காவது சிமெண்ட் உள்ளே வழிந்திருந்தால் அந்த நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், மறுநாள் உளி தேவைப்படும். ஒரு நாள் முழுக்க அந்த பாத்ரூமில் தண்ணீர் விடவேண்டாம். சோப்புத் தண்ணீர் பட்ட ஈரச் சிமெண்ட் பிடிக்காமல் பொடிந்துவிடும்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை மூடியைத் தூக்கி, விளிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி வைத்தால் போதும். போர் தண்ணீரில் ஒரு மாதச் சுண்ணாம்பு நகத்தால் சுரண்டினாலே வரும், ஒரு வருடச் சுண்ணாம்புக்குத்தான் மேலே சொன்ன பாடெல்லாம். பழைய ஃப்ரேமையே வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

வேலூர் வெயிலுக்கு இன்னொன்றும் உண்டு. சித்திரை, வைகாசியில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது டிராப்பில் இருக்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வீடெல்லாம் அடிக்கிற வாடைக்கு அதுவே காரணம். கிளம்பும் முன் ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீரும், அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும். திரும்பி வந்ததும் வாஷிங் சோடா கரைத்த வெந்நீர் அரை வாளி விட்டு அந்த எண்ணெயைக் கழுவிவிடுங்கள்.